ஜிட் நிரல்பெயர்ப்பியில் விதிவிலக்குச் சட்டகங்களைப் பதிவு செய்தல்

விதிவிலக்குச் சட்டகப் பதிவு என்பது, ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிதாக உருவாக்கப்படும் இயந்திரமொழிச் செயற்கூறுகளிலிருந்து எவ்வாறு வெளியேறுவது என்ற விவரத்தை, விதிவிலக்குகளைக் கையாளும் நூலகத்துக்குத் தெரியப்படுத்தும் பணியாகும். கோப்பில் சேமிக்கப்பட்ட சாதாரண நிரல்களுக்கு இப்பணியை இணைப்பியும் ஏற்றியும் சேர்ந்து தாமாகவே செய்துவிடுகின்றன. ஜிட் நிரல்பெயர்ப்பி உருவாக்கும் செயற்கூறுகளுக்கு அவ்வாறு செய்ய எவரும் இல்லை. எனவே ஜிட் அமைப்பே அதைச் செய்ய வேண்டும். இது விடுபட்டால், பிழையைப் பிடிக்கும் பகுதி நிரலில் சரியாக எழுதப்பட்டிருந்தாலும் அது பயன்படாமல், நிரல் முழுவதும் நின்றுபோகும்.

ஜிட் நிரல்பெயர்ப்பி

கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி, மனிதர் எழுதும் மூலநிரலைச் செயலி புரிந்துகொள்ளும் இயந்திரமொழிக்கு மாற்றுகிறது. சி, சி++ போன்ற மொழிகளில் இம்மாற்றம் நிரல் ஓடுவதற்கு முன்பே முடிந்து, ஓர் இயக்கக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. ஜிட் நிரல்பெயர்ப்பி இதற்கு மாறானது. நிரல் ஓடும்போது, தேவை எழும் நேரத்தில், மூலநிரலையோ இடைநிலைக் குறிமுறையையோ இயந்திரமொழிக்கு மாற்றி நினைவகத்தில் எழுதி உடனே இயக்குகிறது.

இக்கருத்து பழமையானது. கென் தாம்சன் 1968இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, உரையில் தேட வேண்டிய வடிவத்தை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திரக் கட்டளைகளாக மாற்றி இயக்கும் முறையை விளக்கியது. இன்று ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், லுவா ஆகிய மொழிகளின் இயக்கச் சூழல்களிலும் பல தரவுத்தளங்களிலும் ஜிட் முறை பயன்படுகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட எல்எல்விஎம் திட்டம், பிறர் தம் ஜிட் அமைப்புகளைக் கட்டிக்கொள்வதற்கான நூலகங்களைத் தருகிறது.

விதிவிலக்கும் அழைப்பு அடுக்கும்

ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி அடுக்கில் வைக்கப்படுகிறது. அதற்குத் திரும்பு முகவரி என்று பெயர். ஒவ்வோர் அழைப்புக்கும் அடுக்கில் ஒதுக்கப்படும் பகுதி சட்டகம் எனப்படும். உள்மாறிகளும், அழைத்தவருக்குச் சொந்தமான சில பதிவகங்களின் பழைய மதிப்புகளும் சட்டகத்தில் இருக்கும்.

விதிவிலக்கு என்பது இயல்பான திரும்புதலுக்குப் பதிலான மற்றொரு வெளியேறும் வழி. எடுத்துக்காட்டாக, ஒரு தரவுத்தளம் பயனரின் வினவலை ஜிட் முறையில் இயந்திரமொழிக்கு மாற்றுகிறது எனக் கொள்வோம். அதில் மூன்று செயற்கூறுகள் உள்ளன.

1. 'இயக்கு' – சி++ மொழியில் எழுதப்பட்டது. வினவலைத் தொடங்கி வைக்கிறது. பிழை ஏற்பட்டால் பிடித்துப் பயனருக்குச் செய்தி தரும் பகுதி இதில் உள்ளது.
2. 'கணக்கிடு' – ஜிட் நிரல்பெயர்ப்பி சற்று முன் உருவாக்கியது. ஒவ்வொரு வரிசையாக எடுத்துக் கணக்கிடுகிறது.
3. 'வகு' – சி++ மொழியில் எழுதப்பட்ட துணைச் செயற்கூறு. வகுக்கும் எண் பூஜ்ஜியமானால் விதிவிலக்கை எறிகிறது.

'இயக்கு' 'கணக்கிடு'வை அழைக்கிறது. 'கணக்கிடு' 'வகு'வை அழைக்கிறது. 'வகு' எறிந்த விதிவிலக்கு 'இயக்கு'வைச் சென்றடைய வேண்டுமானால் இடையில் உள்ள 'கணக்கிடு'வின் சட்டகத்தைக் கடக்க வேண்டும். அடுக்கிலிருந்து சட்டகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே செல்லும் இச்செயல் அடுக்கு அவிழ்ப்பு எனப்படுகிறது. இதைச் செய்யும் நூலகத்தை அவிழ்ப்பி எனலாம். லினக்ஸில் பெரும்பாலும் ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசி இப்பணியைச் செய்கிறது. மேக்ஓஎஸ் இயங்குதளத்தில் லிப்அன்வைண்ட் செய்கிறது.

'கணக்கிடு' எந்த விதிவிலக்கையும் எறியவில்லை, பிடிக்கவும் இல்லை. ஆயினும் அதைக் கடந்து செல்லும் வழி அவிழ்ப்பிக்குத் தெரிந்தாக வேண்டும். இத்தலைப்பில் தொடக்கநிலையாளர் பெரிதும் தவறவிடுவது இதையே. விதிவிலக்கோடு தொடர்பில்லாத செயற்கூறுகூட, விதிவிலக்கு செல்லும் பாதையில் இருந்தால் தன்னைப் பற்றிய விவரத்தைத் தந்தாக வேண்டும்.

அவிழ்ப்பு அட்டவணை

இயந்திரக் கட்டளைகளை மட்டும் பார்த்து ஒரு சட்டகத்தின் அளவையோ திரும்பு முகவரி இருக்கும் இடத்தையோ எளிதில் கண்டறிய முடியாது. முற்காலத்தில் ஒவ்வொரு சட்டகமும் தனக்கு முந்தைய சட்டகத்தின் முகவரியை ஒரு குறிப்பிட்ட பதிவகத்தின் வழியாகச் சுட்டிக்கொண்டிருப்பது வழக்கம். இன்றைய நிரல்பெயர்ப்பிகள் அப்பதிவகத்தை வேறு கணக்குகளுக்குப் பயன்படுத்திக்கொள்வதால் அந்தச் சங்கிலியை நம்ப முடிவதில்லை. ஆகவே நிரல்பெயர்ப்பி, கட்டளைகளோடு ஓர் அட்டவணையையும் எழுதி வைக்கிறது. லினக்ஸில் இது 'ஈஎச் ஃபிரேம்' என்ற பிரிவில் இடம்பெறுகிறது. அதன் வடிவம், பிழைதிருத்தத் தகவல்களுக்கான டுவார்ஃப் வடிவத்தை ஒட்டியது.

இப்பிரிவில் இருவகை வரிகள் உண்டு. பல செயற்கூறுகளுக்குப் பொதுவான விவரங்களைத் தருவது பொது வரி. ஒவ்வொரு செயற்கூறுக்கும் தனியாக அமைவது விவர வரி. விவர வரியில் செயற்கூறின் தொடக்க முகவரி, அதன் நீளம், எந்தக் கட்டளையில் சட்டகம் எந்த நிலையில் இருக்கும் என்ற விதிகள் ஆகியவை இருக்கும்.

எக்ஸ்86-64 வகைச் செயலியில் 'கணக்கிடு' 50000 என்ற முகவரியில் தொடங்கி 96 பைட்டு நீளம் உள்ளது எனக் கொள்வோம். அதன் முதல் கட்டளை ஆர்பிபி பதிவகத்தை அடுக்கில் சேமிக்கிறது. இக்கட்டளையின் நீளம் 1 பைட்டு. அடுத்த கட்டளை அடுக்கில் மேலும் 32 பைட்டு இடம் ஒதுக்குகிறது. இதன் நீளம் 4 பைட்டு. அப்போது அட்டவணையின் விதிகள் பின்வருமாறு அமையும்.

• 50000இல்: அழைத்தவரின் சட்டக எல்லை, அடுக்கின் நுனியிலிருந்து 8 பைட்டு தொலைவில் உள்ளது.
• 50001 முதல்: அந்தத் தொலைவு 16 பைட்டு. ஆர்பிபியின் பழைய மதிப்பு எல்லைக்கு 16 பைட்டு முன்னே உள்ளது.
• 50005 முதல்: அந்தத் தொலைவு 48 பைட்டு.

திரும்பு முகவரி எப்போதும் எல்லைக்கு 8 பைட்டு முன்னே இருக்கும். 'வகு' அழைக்கப்பட்டு, அதன் திரும்பு முகவரி 50040 எனில், அவிழ்ப்பி மூன்றாவது விதியைப் பயன்படுத்தும். அடுக்கின் நுனியிலிருந்து 40 பைட்டு தள்ளி 'இயக்கு'வுக்குத் திரும்பும் முகவரி உள்ளது என்று கண்டுபிடிக்கும். ஆர்பிபியின் பழைய மதிப்பையும் மீட்டெடுக்கும். இவ்வளவுதான் அதற்குத் தேவை. ஆனால் இந்த மூன்று விதிகள் கிடைக்காவிட்டால் அதனால் ஓர் அடிகூட மேலே செல்ல முடியாது.

அவிழ்ப்பி தேடும்போது திரும்பு முகவரியிலிருந்து 1ஐக் கழித்துத் தேடுகிறது. அழைப்புக் கட்டளையே செயற்கூறின் கடைசிக் கட்டளையாக இருந்தால், திரும்பு முகவரி அடுத்த செயற்கூறின் எல்லைக்குள் விழுந்துவிடும். அதைத் தவிர்க்கவே இந்தக் கழித்தல்.

இரு கட்டத் தேடல்

லினக்ஸ், மேக்ஓஎஸ் ஆகியவற்றில் சி++ விதிவிலக்குகள், ஐட்டேனியம் செயலிக்காக முதலில் வகுக்கப்பட்ட விதிமுறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி அவிழ்ப்பு இரண்டு கட்டங்களாக நடக்கிறது.

முதல் கட்டம் தேடல் கட்டம். அவிழ்ப்பி சட்டகங்களை மாற்றாமல் மேலே சென்று பார்க்கிறது. ஒவ்வொரு சட்டகத்திலும், அதற்குரிய அட்டவணை ஒரு மொழிசார் செயற்கூறைக் குறிப்பிட்டிருந்தால் அதை அழைத்து, 'இந்த விதிவிலக்கை நீங்கள் பிடிப்பீர்களா' என்று கேட்கிறது. பிடிப்பவர் கிடைத்த பிறகே இரண்டாம் கட்டமான தூய்மைக் கட்டம் தொடங்கும். அதில் இடையிலுள்ள பொருள்களின் அழிப்பிகள் இயக்கப்பட்டு, சட்டகங்கள் கழற்றப்பட்டு, கட்டுப்பாடு பிடிக்கும் பகுதிக்குச் சென்று சேர்கிறது.

இம்முறையில், விதிவிலக்கு எறியப்படாத வரை பிடிக்கும் பகுதி இருப்பதற்காகக் கூடுதல் கட்டளை எதுவும் இயங்குவதில்லை. செலவு முழுவதும் எறியப்படும் நேரத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அட்டவணையில் குறை இருந்தால் அதுவும் அந்த நேரம் வரை வெளியே தெரியாது.

சாதாரண நிரலில் அட்டவணை கிடைக்கும் விதம்

லினக்ஸில் ஓர் இயக்கக் கோப்பை உருவாக்கும்போது, இணைப்பி எல்லா விவர வரிகளையும் ஒரே பிரிவில் திரட்டுகிறது. அதோடு, முகவரி வரிசைப்படி அடுக்கப்பட்ட சிறு தேடல் அட்டவணையையும் சேர்த்து, அது இருக்கும் இடத்தைக் கோப்பின் தலைப்பில் குறித்துவைக்கிறது. நிரல் ஓடத் தொடங்கும்போது ஏற்றி, நினைவகத்தில் ஏற்றப்பட்ட எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் வைத்துக்கொள்கிறது. விதிவிலக்கு எறியப்பட்டதும் அவிழ்ப்பி அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெற்று, முகவரி எந்தக் கோப்புக்குரியது என்று கண்டு, அதன் தேடல் அட்டவணையில் இருமத் தேடல் செய்து, உரிய விவர வரியை அடைகிறது.

நிரலாளர் இதற்காக ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. பெரும்பாலான நிரலாளர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரிவதில்லை.

ஜிட் நிரலில் ஏற்படும் இடைவெளி

ஜிட் நிரல்பெயர்ப்பி இயங்குதளத்திடம் வெற்று நினைவகப் பக்கங்களைக் கேட்டுப் பெற்று, அவற்றில் கட்டளைகளை எழுதுகிறது. அப்பக்கங்களுக்குப் பின்னால் கோப்பு இல்லை, தலைப்பு இல்லை. ஏற்றியின் பட்டியலில் அவற்றுக்கு இடமும் இல்லை. ஆகவே 50040 என்ற முகவரி யாருடையது என்று அவிழ்ப்பி கேட்டால் விடை கிடைக்காது.

விவர வரி கிடைக்காத சட்டகத்தை லிப்ஜிசிசி அடுக்கின் முடிவாகக் கருதுகிறது. தேடல் கட்டம் அங்கேயே முடிகிறது. 'பிடிப்பவர் எவரும் இல்லை' என்பது அதன் முடிவு. உடனே சி++ நூலகம் நிரலை நிறுத்தும் செயற்கூறை அழைக்கிறது. எறியப்பட்ட விதிவிலக்கின் வகையைக் குறிப்பிடும் ஒரு செய்தியோடு நிரல் முடிகிறது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரே ஒரு பயனரின் வினவலில் பூஜ்ஜியத்தால் வகுத்தல் நேர்ந்தது. அவருக்கு ஒரு பிழைச் செய்தி போயிருந்தால் போதும். அதற்குப் பதிலாகத் தரவுத்தளம் முழுவதும் நின்று, இணைந்திருந்த எல்லாப் பயனர்களின் வேலையும் அறுபடுகிறது. 'இயக்கு'வில் உள்ள பிடிக்கும் பகுதியை எத்தனை முறை சரிபார்த்தாலும் அதில் தவறு இருக்காது. தவறு இருப்பது எழுதப்படாத ஒரு பதிவில்.

இந்நிலையில் ஒரு நன்மையும் உண்டு. தேடல் கட்டத்திலேயே நின்றுவிடுவதால் அடுக்கு குலையாமல் இருக்கும். நிரல் நின்ற பின் கிடைக்கும் நினைவகப் படியில், 'வகு' எந்த முகவரியிலிருந்து அழைக்கப்பட்டது என்பதைப் பார்க்கலாம். அந்த முகவரி எந்தக் கோப்புக்கும் உரியதாக இல்லாவிட்டால், விடுபட்ட பதிவே காரணம் என்ற ஐயம் வலுப்படும்.

பதிவு செய்யும் முறை

இந்த இடைவெளியை நிரப்ப லிப்ஜிசிசியும் லிப்அன்வைண்டும் ஒரே பெயருடைய செயற்கூறைத் தருகின்றன. இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கும் 'ரெஜிஸ்டர் ஃபிரேம்' என்பது அதன் பெயர். பதிவை நீக்குவதற்கு 'டீரெஜிஸ்டர் ஃபிரேம்' உள்ளது. ஜிட் அமைப்பு பின்பற்ற வேண்டிய வரிசை இது.

1. கட்டளைகளுக்கும் அட்டவணைக்கும் நினைவகம் பெறுதல்.
2. இரண்டையும் எழுதுதல்.
3. முகவரித் திருத்தங்களைச் செய்து முடித்தல்.
4. கட்டளைப் பக்கங்களுக்கு இயக்க அனுமதி பெறுதல்.
5. அட்டவணையைப் பதிவு செய்தல்.
6. அதன் பிறகே செயற்கூறின் முகவரியைப் பிற பகுதிகளுக்குத் தருதல்.

மூன்றாவது படி முடியுமுன் ஐந்தாவது படிக்குச் செல்லக் கூடாது. விவர வரியில் செயற்கூறின் தொடக்க முகவரி பெரும்பாலும் 'இந்த இடத்திலிருந்து இவ்வளவு தொலைவு' என்று 4 பைட்டு எண்ணாகவே குறிக்கப்படுகிறது. இறுதி இடம் முடிவாகாத அட்டவணையைப் பதிந்தால் அது வேறு ஏதோ முகவரியைச் சுட்டும். மேலும், 4 பைட்டு எண்ணால் ஏறத்தாழ 2 ஜிகாபைட்டு தொலைவு வரையே முன்னும் பின்னும் சுட்ட முடியும். ஆகவே அட்டவணையையும் கட்டளைகளையும் அருகருகே வைப்பது அவசியம்.

ஐந்தாவது படிக்கு முன் ஆறாவது படியைச் செய்வதும் தவறு. வேறோர் இழை அந்தச் சிறு இடைவெளியில் செயற்கூறை அழைத்து, அதற்குள் விதிவிலக்கு எழுந்தால் நிரல் நின்றுவிடும். இத்தகைய பிழை அரிதாகவே தோன்றும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

எல்எல்விஎம் நூலகங்களில் இப்பணிக்கான பகுதி ஆயத்தமாக உள்ளது. அதன் வழக்கமான நினைவக மேலாளரைப் பயன்படுத்துவோர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சொந்தமாக நினைவக மேலாளரை எழுதுவோர், பதிவு செய்யும் செயற்கூறையும் தாமே எழுத வேண்டும். அதை வெற்றாக விட்டாலும் நிரல் தடையின்றி உருவாகும். விதிவிலக்கு எழாத எல்லாச் சோதனைகளிலும் வெற்றி பெறும். முதல் விதிவிலக்கின்போதே குறை வெளிப்படும்.

அட்டவணை உருவாக்கப்படாமலே போவதும் உண்டு. எல்எல்விஎம் இடைநிலைக் குறிமுறையில் ஒரு செயற்கூறு விதிவிலக்கை வெளியே விடாது என்று குறிக்கப்பட்டிருந்து, அட்டவணை தேவை என்ற குறிப்பு தனியாக இல்லாவிட்டால், விவர வரி எழுதப்படாது. இல்லாததைப் பதிய முடியாது என்பதால் பதிவு முறையாக நடந்தும் பயனிருக்காது.

ஒரே பெயர், இரு பொருள்

'ரெஜிஸ்டர் ஃபிரேம்' என்ற பெயர் இரு நூலகங்களிலும் ஒன்றாக இருந்தாலும் அவை எதிர்பார்ப்பது வேறு வேறு.

லிப்ஜிசிசிக்கு ஈஎச் ஃபிரேம் பிரிவு முழுவதன் தொடக்க முகவரியைத் தர வேண்டும். அது வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செல்லும். நீளம் பூஜ்ஜியம் என்று குறிக்கும் 4 பைட்டைக் கண்டால் நிறுத்தும். சாதாரண நிரலில் இந்தப் பூஜ்ஜியத்தை, இணைப்பி கடைசியாகச் சேர்க்கும் ஒரு சிறு துணைக்கோப்பு தந்துவிடுகிறது. ஜிட் அமைப்பு அதைத் தானே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் லிப்ஜிசிசி அட்டவணையைத் தாண்டிச் சென்று, அங்கே கிடக்கும் தொடர்பற்ற பைட்டுகளையும் வரிகளாக எண்ணிப் படிக்கும்.

லிப்அன்வைண்டுக்கு ஒரே ஒரு விவர வரியின் முகவரியைத் தர வேண்டும். பத்துச் செயற்கூறுகள் இருந்தால் பத்து முறை அழைக்க வேண்டும். இதனால் லினக்ஸில் நன்றாக ஓடிய ஜிட் அமைப்பை மேக்ஓஎஸுக்குக் கொண்டுசெல்லும்போது விதிவிலக்குகள் வேலை செய்யாமல் போகலாம். இயங்குதளத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் போதாது, ஏனெனில் லினக்ஸிலும் லிப்அன்வைண்டைப் பயன்படுத்த முடியும். லிப்அன்வைண்டில் மட்டும் உள்ள வேறொரு செயற்கூறின் பெயர் கிடைக்கிறதா என்று நிரல் ஓடும்போது பார்த்து, அதற்கேற்பப் பதிவு செய்வது நம்பகமான வழி.

பதிவை நீக்குதல்

ஜிட் செயற்கூறுகள் நிலையானவை அல்ல. வினவல் முடிந்ததும் அதற்காக உருவாக்கிய கட்டளைகள் தேவையில்லை; நினைவகம் திரும்ப ஒப்படைக்கப்படும். அதற்கு முன் பதிவை நீக்க வேண்டும். சேர்த்த வரிசைக்கு நேர் எதிரான வரிசை இதற்குப் பொருந்தும். முதலில், எந்த இழையும் அச்செயற்கூறுக்குள் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். அடுத்துப் பதிவை நீக்க வேண்டும். கடைசியாக நினைவகத்தை விடுவிக்க வேண்டும்.

பதிவை நீக்காமல் நினைவகத்தை விடுவித்தால், அவிழ்ப்பியின் கையில் காலாவதியான முகவரி எஞ்சியிருக்கும். பின்னர் நிரலின் வேறொரு மூலையில், ஜிட்டோடு தொடர்பே இல்லாத விதிவிலக்கு எழும்போது, அவிழ்ப்பி தன் பட்டியலைப் புரட்டும் வேளையில் இல்லாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழக்கூடும். அதே முகவரியில் புதிய செயற்கூறு எழுதப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பழைய அட்டவணையின் விதிகள் புதிய செயற்கூறுக்குப் பயன்படுத்தப்பட்டு, தவறான இடத்திலிருந்து திரும்பு முகவரி எடுக்கப்படும். பதிவு விடுபட்டால் நிரல் நின்ற இடமே காரணத்தைக் காட்டும். நீக்கம் விடுபட்டால் அதுவும் கிடைக்காது.

பதியாத ஒன்றை நீக்க முயல்வதும் தவறு. லிப்ஜிசிசி அதைப் பிழையாகக் கருதி நிரலை நிறுத்திவிடும்.

பல இழைகளும் வேகமும்

நீண்ட காலம் லிப்ஜிசிசி, பதிவான அட்டவணைகளை ஒரு பட்டியலாக வைத்து, அதை ஒரே ஒரு பூட்டால் காத்துவந்தது. பல இழைகள் ஒரே நேரத்தில் விதிவிலக்கை எறிந்தால், ஒன்று முடியும் வரை மற்றவை காத்திருக்க நேர்ந்தது. செயலிக் கருக்களின் எண்ணிக்கை பெருகப் பெருக இந்தக் காத்திருப்பும் பெருகியது.

ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் நாய்மன், வினவல்களை இயந்திரமொழிக்கு மாற்றி இயக்கும் அம்ப்ரா என்ற தரவுத்தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பதிவான சட்டகங்களை முகவரி வரம்பின்படி பி-மரம் என்ற அமைப்பில் வைத்து, தேடும்போது பூட்டே தேவைப்படாத முறையை அவர் ஜிசிசிக்கு வழங்கினார். 2023இல் வெளியான ஜிசிசி 13இல் அது இடம்பெற்றது. கோப்பிலிருந்து ஏற்றப்பட்ட பகுதிகளைத் தேடுவதில் இருந்த பூட்டுச் சிக்கலுக்கு, 2022இல் வெளியான ஜிலிப்சி 2.35 தனிச் செயற்கூறு ஒன்றைத் தந்தது.

இம்மாற்றம் ஜிட் எழுதுவோரின் கடமையையும் சற்று மாற்றியது. பழைய முறையில் அட்டவணை முதல் விதிவிலக்கு எழும்போதுதான் படிக்கப்பட்டது. புதிய முறையில் பதிவு செய்யும்போதே அது படிக்கப்பட்டு, முகவரி வரம்பு கணக்கிடப்படுகிறது. எனவே பதிவு செய்துவிட்டுப் பிறகு அட்டவணையை நிரப்பலாம் என்று எழுதப்பட்ட நிரல்கள் இதில் வேலை செய்யா.

பதிவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் வழி உண்டு. லுவாஜிட், தன் ஜிட் கட்டளைகளுக்கான நினைவகப் பகுதி முழுவதையும் ஒரே விவர வரியால் குறிக்கிறது. அப்பகுதியில் உள்ள கட்டளைகள் அனைத்தும் ஒரே சட்டக அமைப்பைப் பின்பற்றுவதால் இது இயல்கிறது.

விண்டோஸ் இயங்குதளத்தில்

64 பிட்டு விண்டோஸில் அவிழ்ப்பு அட்டவணையை இயங்குதளமே நிர்வகிக்கிறது. ஒவ்வொரு செயற்கூறுக்கும் தொடக்கம், முடிவு, அவிழ்ப்பு விவரம் இருக்குமிடம் ஆகிய மூன்று எண்கள் கொண்ட வரி உண்டு. மூன்றும் ஓர் அடிப்படை முகவரியிலிருந்து கணக்கிடப்படும் 32 பிட்டு தொலைவுகள். ஆகவே கட்டளைகளும் அவிழ்ப்பு விவரமும் அந்த அடிப்படை முகவரியிலிருந்து 4 ஜிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஜிட் அமைப்புகளுக்கு இங்கே இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. 'ஆர்டிஎல் ஆட் ஃபங்ஷன் டேபிள்' என்ற செயற்கூறு ஆயத்தமான அட்டவணையைப் பதிகிறது. 'ஆர்டிஎல் இன்ஸ்டால் ஃபங்ஷன் டேபிள் கால்பேக்' என்பது ஒரு நினைவக வரம்பை மட்டும் பதிந்து, அதற்குள் வரும் முகவரிக்கான விவரத்தைத் தேவைப்படும்போது ஜிட் அமைப்பிடமே கேட்டுக்கொள்கிறது. செயற்கூறுகள் அடிக்கடி உருவாகி மறையும் அமைப்புகளுக்கு இரண்டாவது வழி வசதியானது.

பதிவு விடுபட்டால் விளைவும் வேறுபடும். வரி கிடைக்காத செயற்கூறை, அடுக்கைத் தொடாத எளிய செயற்கூறு என்று விண்டோஸ் கருதுகிறது. அடுக்கின் நுனியில் இருப்பதையே திரும்பு முகவரி என்று எடுத்துக்கொள்கிறது. அங்கே இருப்பது ஓர் உள்மாறியாக இருந்தால், தேடல் பொருளற்ற முகவரிக்குப் போய்விடும்.

பிழைதிருத்தியும் பதிவும்

விதிவிலக்குக்காகச் செய்த பதிவு பிழைதிருத்திக்குப் பயன்படாது. ஜிடிபி தனி நிரலாக வெளியிலிருந்து பார்ப்பதால், நிரலுக்குள் இருக்கும் அவிழ்ப்பியின் பட்டியலை அது படிப்பதில்லை. ஜிட் செயற்கூறுகளைத் தெரிவிக்க அதற்கென்று தனி இடைமுகம் உண்டு. 2009இல் வெளியான ஜிடிபி 7.0 முதல் அது கிடைக்கிறது. விதிவிலக்கு சரியாகச் சென்றடைந்தும் பிழைதிருத்தியில் அடுக்கு குழம்பித் தெரிவதற்கு இதுவே காரணம்.

பதிவைத் தவிர்க்கும் வழிகள்

எல்லா ஜிட் அமைப்புகளுக்கும் இப்பதிவு தேவையில்லை. ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இயந்திரம், ஜாவா விதிவிலக்குகளைத் தன் சொந்த அட்டவணைகளைக் கொண்டே கையாள்கிறது. 2018இல் வெளியான போஸ்ட்கிரஸ்கியூஎல் 11 எல்எல்விஎம் வழியாக ஜிட் வசதியைப் பெற்றது. ஆனால் அத்தரவுத்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. பிழை நேர்ந்தால், முன்பே குறித்துவைத்த இடத்துக்கு ஒரேயடியாகத் தாவும் 'லாங்ஜம்ப்' முறையை அது பயன்படுத்துகிறது. லினக்ஸில் இத்தாவல் இடைச் சட்டகங்களைப் பார்ப்பதில்லை; அட்டவணையும் தேவைப்படுவதில்லை. ஆனால் அங்கே அழிப்பிகளும் இயங்குவதில்லை. சி++ பொருள்கள் இடையில் இருந்தால் அவை பிடித்துவைத்த நினைவகமும் பூட்டுகளும் விடுபடாமல் நின்றுவிடும்.

மூன்றாவது வழி, ஜிட் எல்லையை விதிவிலக்கு கடக்கவே விடாமல் தடுப்பது. 'வகு' விதிவிலக்கை எறியாமல் பிழைக் குறியீட்டைத் திருப்பித் தரும். 'கணக்கிடு' ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் அதைச் சோதித்து, பிழை எனில் உடனே திரும்பும். 'இயக்கு' அதை மீண்டும் விதிவிலக்காக மாற்றும். சோதனைக் கட்டளைகள் ஒவ்வொரு முறையும் இயங்குவது இதன் விலை. பதிவு பற்றிய கவலை இல்லாமல் போவது இதன் பயன்.

சோதித்துப் பார்த்தல்

சரியான விடையைத் தரும் ஜிட் செயற்கூறு முழுமையானது என்று கொள்ள முடியாது. இயல்பான வழியில் எத்தனை முறை ஓட்டினாலும் அவிழ்ப்பு அட்டவணை ஒருமுறையும் படிக்கப்படுவதில்லை. ஆகவே விதிவிலக்கை வேண்டுமென்றே எழுப்பும் சோதனைகள் தேவை. குறைந்தது நான்கு நிலைகளைச் சோதிப்பது நல்லது.

1. சி++ துணைச் செயற்கூறு எறிந்த விதிவிலக்கு, ஜிட் சட்டகத்தைக் கடந்து பிடிக்கப்படுகிறதா?
2. இரண்டு ஜிட் செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைக்கும்போதும் அவ்வாறே நடக்கிறதா?
3. ஜிட் செயற்கூறை நீக்கிய பிறகு, அதனோடு தொடர்பற்ற விதிவிலக்கு சரியாகப் பிடிக்கப்படுகிறதா?
4. ஓர் இழை செயற்கூறுகளைச் சேர்த்தும் நீக்கியும் வரும்போது, மற்றோர் இழையில் எறியப்படும் விதிவிலக்குகள் சரியாகப் பிடிக்கப்படுகின்றனவா?

முதல் இரண்டும் பதிவு நடந்ததா என்பதைக் காட்டும். மூன்றாவது நீக்கம் நடந்ததா என்பதையும், நான்காவது இவை உரிய வரிசையில் நடந்தனவா என்பதையும் காட்டும்.